பெற்றோர் கையெழுத்து

"வருந்துகிறேனாமே! யாருடி இங்க வருந்தறது?"

ரஞ்சிதம் படிவத்தை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்துவிட்டு, அரிந்து வைத்த கொத்தவரங்காய்க்குப் பக்கத்தில் போட்டாள். மகள் தீபா பாய்ந்து எடுத்து, ஈரம் பட்ட மூலையைத் துப்பட்டாவால் ஒற்றினாள். அந்த நாலு வரி மன்னிப்பை யோசித்து எழுதவே அவளுக்கு அரை நாள் ஆகியிருந்தது.

"மெதுவா பேசும்மா. தெருவுக்கே கேக்குது."

"கேக்கட்டும். முன்வரிசை போட்டோவைத்தான் தெரு மொத்தமும் போன்ல பாத்தாச்சே."

அந்தப் போட்டோதான் வினை. சென்னையில், பல்கலைக்கழக வாசல் படியில், இனவெறியைக் கண்டித்து அறுபது பேர் உட்கார்ந்த படம். உட்கார்ந்தவர்களுக்கெல்லாம் துறையிலிருந்து ஆளுக்கொரு படிவம் வந்துவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். மாணவர் ஒரு கையெழுத்து, பெற்றோர் ஒரு கையெழுத்து. நாளைக் காலை பதினொரு மணிக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்களாம்.

தீபாவுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அப்பா வீராசாமியிடம் சொல்லிப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணுங்க" என்று அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நழுவிவிட்டார்.

"திருத்தணியிலேர்ந்து ரெண்டு வருஷமா விடியக்காலை ரயிலைப் புடிச்சு, கிருத்திகைன்னா மொட்டைத் தலைங்களுக்கு நடுவுல நசுங்கிகினு போய்ப் படிச்ச படிப்பும்மா. இந்தப் படிப்பெல்லாம் எதுக்குன்னு சொந்தக்காரங்க எத்தினி பேரு சிரிச்சாங்க? இன்னும் ரெண்டே மாசம். அதுக்குள்ள தூக்கிப் போட்டுடணுமா?"

"போனா போவட்டும்."

"அந்த நேமா ஆப்பிரிக்காவுலேர்ந்து வந்த பொண்ணு. பரீட்சை முடிஞ்சா பிளேன் ஏறிடும். நமக்கு எதுக்கு வம்பு?"

"எதுக்கா? அது பாட்டுக்கு உக்காந்துகினு இருக்குது. வாத்தியாரு உள்ள வராரு. 'லைட்டைப் போடுங்கப்பா, அந்த மூலையில ஆள் இருக்குதா இல்லையானே தெரியலை'ங்கறாரு. மொத்த வகுப்பும் சிரிக்குது. நேமாவும் கூடச் சேந்து சிரிக்குது, அழுதா இன்னும் சிரிப்பாங்களேன்னு. அது சிரிப்பாடி?"

"விளையாட்டுக்குச் சொன்னேன்னு அவரே சொல்லிட்டாரே."

"அவரு மட்டும் இன்னா, சுண்ணாம்புச் செவுரு மாதிரியா இருக்காரு?"

தீபாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

"படியில உக்காந்து கத்தினா நிறம் மாறிடுமா?"

"நிறம் எதுக்கு மாறணும்? பேசற வாய் மாறட்டும்."

அதற்கு மேல் தீபாவால் பொறுக்க முடியவில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"அந்த அரக்கோணத்துக்காரங்களோட சேத்து மூணு வீடு. பொண்ணு கலர் கம்மின்னு எழுந்து போனாங்களே, அன்னிக்கு எங்கம்மா போச்சு இந்த வாய்? பவுடரைக் கொஞ்சம் தூக்கலா போடுடின்னு யாரு சொன்னது?"

ரஞ்சிதத்தின் கை அரிவாள்மனையில் அப்படியே நின்றது.

"ஆங். நான்தான் சொன்னேன். வந்தவங்களுக்கு ரெண்டாந்தரம் கேசரி வேற வச்சேன். அவங்க போனப்புறம் நீ பாத்ரூம்ல மூஞ்சியக் கழுவிகினே இருந்தே, அரை மணி நேரம். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுகினு இருந்தேன். ஒரு வார்த்தை பேசலை. இன்னிக்கும் வாயை மூடிகினு வருந்துகிறேன்னா, எனக்கே வெக்கமா இருக்காதா?"

அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது தீபாவுக்கு இன்றைக்குத்தான் தெரியும். கோபம் இப்போது அம்மா மேல் இல்லை. பேனாவைத் திறந்து, தான் எழுதிய நாலு வரியையும் அடித்தாள்.

"சொல்லும்மா. இன்னா எழுதணும்?"

ரஞ்சிதம் சொல்லச் சொல்ல எழுதினாள். 'நேமாவிடம் ஆசிரியர் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதுவரை எழுந்திருக்க மாட்டோம்.'

மறுநாள் துறைத் தலைவர் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மேசைக்கு எதிரே அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள்.

"யோசிச்சுதான் எழுதினீங்களா?"

"ஆங், ரெண்டு பேரும் யோசிச்சுதாங்க எழுதினோம்" என்றாள் ரஞ்சிதம்.

"மாணவி கையெழுத்து இருக்கு. பெற்றோர் கையெழுத்து இல்லை. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை, வேற படிவம் தரேன். வருத்தம்னு ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்துட்டா..."

கீழே படிக்கட்டிலிருந்து கோஷம் கேட்டது. அவர் முடிக்கும் வரை ரஞ்சிதம் நிற்கவில்லை. "மிச்சத்தை நீ பாத்துக்க தீபா" என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று வெளியே போய்விட்டாள்.

துறைத் தலைவர் புதுப் படிவத்தை நீட்டினார். தீபா அதை வாங்கவில்லை. பழைய படிவத்தில் 'பெற்றோர்' என்று அச்சடித்திருந்ததை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் 'மகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி ரஞ்சிதம், வயது ஐம்பத்திரண்டு, அதற்குள் படியிறங்கிப் போய் நேமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.