சுட்ட கல்

கோயில் வாசலில் செவலை ஆட்டின் முதுகில் மூன்று குடம் மஞ்சள் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு, அப்புறம்தான் வெட்டு. அது தெரிந்துதான் செவலை அசையாமல் நின்றது.

"இது சிலுப்பாது. அந்தக் கருப்பைப் பிடிச்சுட்டு வாங்கப்பா," என்றார் பூசாரி.

பக்கத்தில் கட்டியிருந்த கருப்பு ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு நெருங்கியது. செவலையின் காதோரம் போய்ச் சொன்னது:

"அண்ணே, ஜமைக்காவுல நம்ம தலையும் குடலும் ஒரே சூப்பாம். மங்கோலியாவுல வயித்துக்குள்ள சுட்ட கல்லைத் திணிச்சு, தோலோடயே வேகவைப்பாங்களாம்."

செவலைக்கு உடம்பு தூக்கிப்போட்டது. குலவை எழுந்தது. அரிவாள் இறங்கியது.

கருப்பு மூச்சு விட்டது.

"கூட்டம் ஜாஸ்தி, ஒண்ணு பத்தாது," என்றார் பூசாரி.

கருப்பின் முதுகில் தண்ணீர் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அதன் காதில் யாரும் எதுவும் சொல்லவில்லை. சுட்ட கல் மட்டும் வயிற்றுக்குள் உருண்டது.

மறுபடி குலவை எழுந்தது.