ஓட்டைக் குல்லா

தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பெண் குழந்தைகளைப் பார்த்ததுமே சாந்தம்மாளுக்கு வயிறு எரிந்தது.

ஒருத்தி தலையில் அழகான சிவப்புக் கம்பளிக் குல்லா. கழுத்தில் அதே சிவப்பில் மப்ளர். ராஜாத்தி மாதிரி இருந்தாள்.

இன்னொருத்தி தலையிலும் ஒரு குல்லா இருந்தது. விரல் நுழையும் ஓட்டைகளோடு, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, காதைக்கூட மூடாமல். மப்ளர் என்று சுற்றியிருந்தது கயிறாகச் சுருண்டு கிடந்தது.

கேட்கவே வேண்டாம். இதுதான் தங்கச்சி பெற்ற பிள்ளை!

தங்கச்சி பிரசவத்தில் போய் நாலு வருஷம் ஆகிறது. கண்ணீர் காயுமுன்னே அவள் புருஷன் பெரியமுத்து, அதே வயதுக் கைக்குழந்தையோடு விதவையாக நின்ற அழகுத்தாயைக் கட்டிக்கொண்டான். அந்தக் கோபத்தில் சாந்தம்மாள் இந்தச் சித்திரபுரம் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. ஆனால் மனசு கேட்கிறதா? ‘சித்திக்காரி பிள்ளையை என்ன பாடு படுத்துறாளோ’ என்று கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்துகொண்டு தினமும் தவித்தாள். நேரில் போய்ப் பார்ப்பது, பிள்ளை கஷ்டப்பட்டால் கையோடு தூக்கி வந்துவிடுவது என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத்தான் இன்று பஸ் ஏறினாள். மலை ஏற ஏற, என்னத்தைப் பார்க்கப் போகிறோமோ என்ற நினைப்பாகவே இருந்தது.

பார்த்தாயிற்று.

ஓடிப் போய் அந்த ஓட்டைக் குல்லாவை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பெரியம்மா வந்துட்டேன்டி, என் கண்ணே!”

மூக்கும் முழியும் அச்சு அசல் தங்கச்சி! கன்னம் சில்லென்று இருந்தது. குழந்தை விரலை வாயில் வைத்துக்கொண்டு மலங்க மலங்க விழித்தது. முத்தமாகக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அது சிரித்துவிட்டது.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த அழகுத்தாய் அப்படியே நின்றாள்.

“கஞ்சிக்கோட்டு அக்காதானே? போட்டோவுல பாத்திருக்கேன். வாங்கக்கா, உள்ள வாங்க. சாயா போடுறேன்.”

“உன் சாயா கெடக்கட்டும். இந்தக் குல்லாவ யாரு பின்னுனது?”

அழகுத்தாய்க்கு வெட்கம் வந்துவிட்டது. “நான்தான்க்கா. கத்தரீனாள் டீச்சர் சனிக்கிழமை சாயந்திரம் சொல்லிக் குடுக்காங்க. மரவளையத்துல சுத்தி ஆணி அடிச்சிருக்கும். ஆணிக்கு ஆணி கம்பளி நூலைச் சுத்தி, கொக்கியால எடுத்து எடுத்து விடணும். ஒரு ஆணிய மறந்தாலும் ஓட்டை விழுந்துரும். இது மொதல்ல பின்னுனது, அதான் இந்த லட்சணம்.”

“அந்தச் செவப்பு?”

“அது அடுத்தாப்ல பின்னுனதுக்கா. அதுக்குள்ள கை தேறிருச்சு.” குரலில் கொஞ்சம் பெருமைகூட.

“அப்ப, பழகுன குல்லா இவளுக்கு, தேறுன குல்லா அவளுக்கு. அப்படித்தானே?”

அழகுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். “ஆமாக்கா. நூலை வீணாக்க மனசு வரல. இவளுக்கு இது போதும்னு...”

போதுமாம்! சாந்தம்மாளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது.

“என்னடி போதும்? இந்தக் குளிருல காது தெரிய நிக்கிது பச்சப்புள்ள. ஒரே வீட்டுல இப்படி வஞ்சகம் பண்ண உனக்கு எப்படி மனசு வந்துச்சு? கேக்க ஆளில்லன்னு நெனச்சியா? இவள நான் இப்பவே கூட்டிட்டுப் போறேன். என் வீட்டுல ராணி மாதிரி வளருவா!”

பக்கத்து வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அழகுத்தாய் குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்து சாந்தம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அய்யோ, இவள எங்கக்கா தூக்கிட்டுப் போறீங்க? இவ நான் பெத்தவ! உங்க தங்கச்சி மக அந்தா நிக்கா!”

சிவப்புக் குல்லா, சத்தத்துக்குப் பயந்து, “அம்மா!” என்று ஓடி வந்து அழகுத்தாயின் காலைக் கட்டிக்கொண்டது.

அழகுத்தாய் அதன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஓட்டைய இவளுக்குப் போட்டுவிட்டா லயம் என்னக்கா பேசும்? சித்தி புத்தியக் காட்டிட்டான்னு பேசாதா? நான் பெத்த பிள்ள தலையில எதப் போட்டாலும் கேக்க ஆளில்ல. நூல் கெடச்சா என் மகளுக்கும் நல்லதா ஒண்ணு பின்னணும்.”



‘நான் பெத்தவ’ என்று காதில் விழுந்த அந்த நிமிஷமே தன் கை இடுப்பிலிருந்த பிள்ளையைக் கீழே இறக்கி விட்டிருந்தது என்பது, அந்த ஓட்டைக் குல்லா தூக்கச் சொல்லி “பெரியம்மா” என்று கையை நீட்டியபோதுதான் சாந்தம்மாளுக்கே தெரிந்தது.