முன்சக்கரத்து எலுமிச்சம்பழம்

மலிவு டிக்கெட்டில் பறக்கப் போவதாக ஊரெல்லாம் விளம்பரம் செய்த ஒரு புதுக் கம்பெனி, தன் முதல் விமானத்தை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. தொடக்க நாளன்று பூசை போட்டு, முன்சக்கரத்தடியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்கள். முதல் பயணத்துக்கே நசுங்கப் போகிறோம் என்று பழத்துக்குப் பெருமை பிடிபடவில்லை.

பறப்பதற்கான அனுமதி மட்டும் அன்று வரவில்லை. தொடக்க விழா அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது, பிறகு அடுத்த மாதத்துக்கு.

"எப்ப கிளம்புறோம் அண்ணே?" என்று பழம் தினமும் கேட்டது.

"எனக்கென்ன தெரியும் தம்பி," என்றது விமானம். "நான் வாடகைக்கு வந்தவன்."

"உங்க வால்ல மயில் வரைஞ்சிருக்காங்களாமே. அப்ப நீங்க நம்ம கம்பெனிதானே?"

"போன வருஷம் அதே இடத்துல சிங்கம் இருந்துச்சு."

பழம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தோல் சுருங்கி, சாறு வற்றி, கொட்டைப்பாக்கு மாதிரி ஆன பிறகும் காத்துக் கிடந்தது.

ஒரு நாள் காலையில் இன்ஜின் உறுமியது. அனுமதி வந்துவிட்டதென்று பழம் கண்ணை மூடிக்கொண்டது. சக்கரம் ஏறியது. காய்ந்துபோன பழம் நசுங்காமல் தெறித்து ஓரமாய்ப் போய் விழுந்தது. அங்கிருந்துதான் விமானத்தின் வாலை முதன்முதலாகப் பார்த்தது. அதில் வெறும் வெள்ளைப் பெயின்ட்தான் இருந்தது.

"மயில் எங்கே அண்ணே?"

"அழிச்சுட்டாங்க. என் முதலாளி என்னை வேற கம்பெனிக்கு விட்டுட்டாரு."

பழம், "அங்கேயும் எலுமிச்சம்பழம் வைப்பாங்களா?" என்று கேட்டது.

"முதல்ல அதைத்தான் வைப்பாங்க," என்றது விமானம்.