காவலாளி தடுத்தது

நிகிலாவின் போனுக்குள் அவள் அப்பா ஒரு காவலாளிச் செயலியைக் குடிவைத்தார். தன் பட்டியலில் உள்ள கெட்ட வார்த்தை எதையும் அது விடாது.

அவளுடைய டியூஷன் மாஸ்டரிடமிருந்து மறுபடியும் ஒரு செய்தி வந்தது. "இவரைத் தடுக்கமாட்டியா?" என்று போன் காவலாளியிடம் கேட்டது.

"செல்லம்னு எழுதுறாரு, தங்கம்னு எழுதுறாரு, யார்கிட்டயும் சொல்லாதங்கறாரு. இதுல எது கெட்ட வார்த்தை?" என்றது காவலாளி.

ஒருநாள் நிகிலா உடம்பில் ஓரிடத்தின் பெயரை எழுதி, அங்கே தொட்டால் யாரிடம் சொல்வது என்று தேடினாள். காவலாளி கதவை அறைந்து சாத்தியது. அப்பாவுக்கும் தகவல் போனது.

"புத்தி எங்க போகுது உனக்கு?" என்று அவர் கத்தினார்.

அதன்பிறகு அவள் எதையும் தேடவில்லை.

"பாத்தியா, பொண்ணு வழிக்கு வந்துட்டா," என்றது காவலாளி.

மாஸ்டரின் அடுத்த செய்தி வந்திருந்தது. போன் அதை அவளிடம் காட்டியாக வேண்டும்.