பக்கத்துத் திரை

இடுப்பு விட்டுப்போகிற வலியிலும் அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. கட்டட வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். உடுப்பெல்லாம் சிமெண்ட். ஆராய்ச்சிக்கூடத்து நாற்காலி அழுக்காகிவிடுமாம்.

நான்தான் வரச்சொன்னேன். "நீ செஞ்சதாடி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட மாட்டாளா என்கிற நப்பாசை.

இரண்டு திரைகள். இரண்டிலும் கணினிக்குள் வளரும் செயற்கை மூளை. வீட்டு வீடியோவைப் பார்த்து, அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கும். ஊகம் தப்பினால் தன்னைத் திருத்திக்கொள்ளும். குழந்தை கற்பது போலத்தான்.

முதல் திரையில் மட்டும் ஒரு மாற்றம். சின்னத் தப்பையும் பெரிதாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் லேசாக மாறினாலும் அதற்கு வீடே மாறின மாதிரி. ஆட்டிசம் உள்ள மூளை இப்படித்தான் வளர்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

என் அண்ணனுக்கு ஆட்டிசம். அந்தத் திரை பார்த்து வளர்ந்ததெல்லாம் அவனுடைய சின்ன வயது வீடியோக்கள். டாக்டர் கேட்டார் என்று, வேலைவிட்டு வந்த கையோடு அம்மா எடுத்தவை.

அம்மாவிடம் இதைச் சொன்னதுதான் தாமதம். கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு போய்த் திரையைத் தடவினாள்.

"ராத்திரி இத நிறுத்திடுவியா? பட்டுனு நிறுத்தாதடி, பயந்துக்கும். நிறுத்தப்போறேன்னு சொல்லிட்டு நிறுத்து."

ஒரு நாளும் என் பக்கம் வராத குரல், கரண்ட்டில் ஓடுகிற ஒன்றுக்குக் கிடைக்கிறது.

பக்கத்துத் திரையைக் காட்டினேன். அம்மா சும்மா ஒரு தரம் திரும்பினாள்.

"அதுக்கென்ன, அது பாட்டுக்கு வளந்துக்கும்."

என்னைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்லும் பதில் அது.

பக்கத்துத் திரைக்குக் கொடுக்க என் வீடியோவைத் தேடியிருந்தேன். ஒன்றுகூட இல்லை. யார் வீட்டுப் பெண்ணோ அதில் வளர்கிறாள்.

அண்ணனுடைய வீடியோக்களில் நான் இருந்தேன். படத்தில் இல்லை. பின்னாலிருந்து வரும் அழுகைச் சத்தமாக. இடைஞ்சல் என்று அதை நானே வெட்டியெறிந்துவிட்டுத்தான் மெஷினுக்குக் கொடுத்தேன்.

அதோடு சேர்ந்து அம்மாவின் குரலும் போனது. "இருடி, அண்ணன் தூங்கட்டும். உன்னத் தூக்கிக்கறேன்."

அம்மா என்னைத் தூக்க வேண்டியது இன்னும் பாக்கி.