ராசியான நாற்காலி

"ஏ லிங்கராஜு, அங்கனயே நில்லு! கதவை விட்டு நகந்தேன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்."

"கால் மரத்துப்போச்சு அண்ணாச்சி. அந்த ஸ்டூல்லயாவது உக்காந்துக்கிடுதேன்."

"மொத ஆட்டத்துல எங்கன நின்ன? கதவுகிட்ட. புள்ள ஜெயிச்சாளா இல்லையா? அப்போ நில்லு."

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் நடத்தும் பெருமாள்சாமிக்குச் சதுரங்கத்தில் குதிரை எது, யானை எது என்று அடையாளம் தெரியும். அதற்கு மேல் கேட்டால் கடைக்குப் போகணும் என்று எழுந்துவிடுவார். ஆனால் அவருடைய மகள் சத்யபிரியா ஜார்ஜியா நாட்டில் நடக்கும் சர்வதேச இளையோர் போட்டியில் இன்றைக்குக் கடைசிச் சுற்று ஆடுகிறாள். ஜெயித்தால் பதக்கம். இல்லாவிட்டால் வெறுங்கையோடு விமானம் ஏற வேண்டியதுதான். மனைவி உமாராணி மகளுக்குத் துணையாகப் போயிருந்தாள். பெருமாள்சாமி சுவரில் மாட்டிய டிவியை அண்ணாந்து பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வானம் பார்த்த பூமிக்காரருக்கு அண்ணாந்து பார்க்கச் சொல்லியா தர வேண்டும்?

திரையின் ஓரத்தில், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் ஒரு பட்டை. இன்றைக்கு மகளுக்கு வெள்ளைக் காய்; அதனால் பட்டையில் வெள்ளை ஏறினால் நல்லது, இறங்கினால் கெட்டது. மிச்சத்தை ராசி பார்த்துக்கொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. முதல் நாள் போட்ட அதே நீலச் சட்டை, உட்கார்ந்த அதே பிரம்பு நாற்காலி, கதவோரத்தில் கணக்குப்பிள்ளை லிங்கராஜ். நடுவில் யாராவது கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்துவிடக்கூடாது என்று இருவருடைய போனையும் அணைத்து அலமாரிக்குள் வைத்தாயிற்று.

இந்த ராசிக் கணக்கில் வசமாக மாட்டிக்கொண்டவள் அவருடைய அக்கா வள்ளித்தாய். கணவன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள், சத்யாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். நல்ல காரியம் என்றால் ஏற்கெனவே அவளை இரண்டடி தள்ளித்தான் நிறுத்துவார்கள். நாலாவது சுற்றன்று லிங்கராஜ் லோடு ஏற்றிவிடப் போயிருந்ததால் பெருமாள்சாமி தனியாக ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளித்தாய் காபியோடு உள்ளே வந்தாள். வந்த கையோடு திரையில் மகளின் குதிரை போனது, ஆட்டமும் போனது. அன்றிலிருந்து ஆட்ட நேரத்தில் அக்காவுக்குக் கூடத்தில் இடமில்லை.

இப்போது அவள் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"தம்பி, கடைசி ஆட்டம்லா. ஓரமா நின்னு பாத்துக்கிடுதேனே."

மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "சரி, வா. சத்தங்காட்டாம நில்லு."

வள்ளித்தாய் சுவரை ஒட்டி நின்று திரையை ஆசையாகப் பார்த்தாள். கொஞ்ச நேரம்தான். வெள்ளைப் பட்டை சரசரவென்று கீழே இறங்கியது.

"பாத்தியாக்கா! பாத்தியா!" பெருமாள்சாமி பதறிப்போனார். "தப்பா நெனைக்காத. புள்ளைக்காகத்தான் சொல்லுதேன், அடுப்படிக்குப் போயிரு."

"போறேன் தம்பி. நீ பதறாத."

முகம் சுருங்காமல் போனாள். அதுதான் அவரை உறுத்தியது. நாலு வார்த்தை ஏசியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

பட்டை ஏறுவதாகக் காணோம். அடுப்படியில் அக்காவின் போன் ஒலித்து அடங்கியது. பிறகு நெய்யில் முந்திரி வறுபடும் வாசம் கூடம் வரைக்கும் வந்தது.

"என்னக்கா செய்யுத?"

"பாயசம் வைக்குதேன்."

"ஆட்டமே முடியல, அதுக்குள்ளயா?"

"முடியட்டுமே. அதுக்குள்ள பாயசம் ஊசியா போயிரும்?"

அவர் பதில் சொல்வதற்குள் லிங்கராஜ் கூவினார். "அண்ணாச்சி, ஏறுது! வெள்ளை ஏறுது!"

எதிராளிப் பெண் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சத்யபிரியா அவளை எழவே விடவில்லை. கடைசியில் அந்தப் பெண் தோல்வியை ஒப்புக்கொண்டு கை நீட்டினாள். பெருமாள்சாமிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"பாத்தியா லிங்கராஜு ராசிய! அக்கா அந்தப் பக்கம் போனா, புள்ள இந்தப் பக்கம் ஜெயிச்சிட்டா!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். அலமாரியிலிருந்து போனை எடுத்து ஆன் செய்ததும் மகளே லைனில் வந்துவிட்டாள்.

"எவ்வளவு நேரமாப்பா கூப்பிடுதேன்! அத்தை சொல்லலையா? ஜெயிச்சதும் அத்தைகிட்டதான பேசினேன்."

"இப்பதானம்மா ஆட்டம் முடிஞ்சுது. டிவில பாத்துக்கிட்டுதான இருக்கேன்."

"அது பிந்தித்தான் வரும்ப்பா. வெளிய பாக்குற யாரும் உள்ள ஆடுறவங்களுக்குச் சாடை காட்டிரக் கூடாதுல்லா? அதான் கால்மணி நேரம் கழிச்சுக் காட்டுவாங்க. எல்லா ஆட்டமும் அப்படித்தான்."

பெருமாள்சாமி கால்மணி நேரத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தார். எதிராளி யானையைத் தப்பாக வைத்த அந்த நேரத்தில் அக்கா கூடத்துக்குள் நின்றிருக்கிறாள். நாலாவது சுற்றையும் தள்ளிப் பார்த்தார். அக்கா காபியோடு வருவதற்கு முன்பே குதிரை போய்விட்டிருந்தது. அப்போது கூடத்தில் இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அவர் பிரம்பு நாற்காலியை விட்டு மெல்ல எழுந்தார். எதிரே வள்ளித்தாய் பாயச டம்ளரோடு நின்றாள்.

"அக்கா, இந்த வெவரம் உனக்கு முந்தியே தெரியுமா?"

"நாலாவது ஆட்டத்தன்னைக்கு, நான் வந்ததாலதான் தோத்தியான்னு சத்யாகிட்ட கேட்டு அழுதேன். அவ அப்பவே சொல்லிட்டா தம்பி."

"பெறகு ஏங்க்கா எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா உன் கணக்குப்படி நீல்லா வெளிய நிக்கணும்? பெத்தவன் பாக்கட்டும்னு நான் நின்னுக்கிட்டேன்."