பொம்மைக்குச் சொன்னது

"காதுல மெஷின் மாட்டி ஒரு வருஷம் ஆச்சு மேடம். ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கிறா," என்று பேச்சுப் பயிற்சியாளரிடம் அலுத்துக்கொண்டாள் அம்மா. அறையின் மூலையில் ஐந்து வயது மகள் பொம்மையைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் நல்லாத்தான் வேலை செய்யுது. வீட்ல நீங்க அவகிட்டப் பேசுறீங்களா?"

"பகல்ல எங்க நேரம் இருக்கு? தூங்க வைக்கும்போது தலையைத் தடவிக்கிட்டே பேசுவேன். மெஷின் வர்றதுக்கு முன்னாடியே இருந்த பழக்கம்."

"அப்பவும் மெஷின் காதுல இருக்குமா?"

"கழட்ட விட மாட்டா, பிடிவாதக்காரி. அப்படியே அவங்கப்பா. தூங்கின பிறகுதான் மெதுவாக் கழட்டுவேன்."

"ரொம்ப நல்லது. பாசமாத் தடவிக்கொடுத்துச் சொல்ற பேச்சுதான் குழந்தைக்கு முதல்ல வாயில வரும். அப்படி என்ன பேசுவீங்க?"

"மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டுவேன் மேடம். இவளுக்கு என்ன கேக்கப்போகுது?"

பயிற்சியாளர் சட்டென்று கையமர்த்தினார். மூலையிலிருந்து மழலைக் குரல் ஒன்று முணுமுணுத்தது.

அம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள். மகளின் எதிரே மண்டியிட்டு, "இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு," என்று கெஞ்சினாள்.

மகள் பொம்மையின் தலையை வருடி, நெற்றியில் முத்தமிட்டு, கொஞ்சுகிற குரலில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்:

"நீ பொறக்காமலே இருந்திருக்கலாம்டி."

பிறகு, சரியாகச் சொன்னேனா என்று கேட்பதுபோல் அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.